சிஎச்ஓன் செய்தால் அனுமதிகள் என்ன ஆகின்றன? உரிமையாளர் மாற்றப் பிழைகளைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

காலையில் ஒரு போன். "சூடோ ஓடவே மாட்டேங்குது, எந்த அட்மின் வேலையும் செய்ய முடியலை." முந்தின இரவு ஓடிய ஸ்கிரிப்டில், ஃபைலின் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளைக்கு ஒரு மாறி, அதையடுத்து யூஎஸ்ஆர் என்று பாதை எழுதியிருந்தது. மாறி காலியாக இருந்ததால் கட்டளை நேராக நிஜ யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் புகுந்து, அங்கிருந்த எல்லா ஃபைல்களையும் ஒரு சாதாரண பயனர் பெயருக்கு மாற்றிவிட்டது. நல்ல வேளையாக ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகிப் பயனர், பெயரில் ஒரு டெர்மினல் மூடாமல் இருந்தது. அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ரூட் பெயருக்கே மாற்றினோம். உரிமையாளர் பெயர் சரியாகிவிட்டது. சூடோ சரியாகவில்லை.

ரூட் அதிகாரத்தில் கட்டளைகளை ஓட்ட உதவும் நிரல்தான் சூடோ. அது கொடுத்த பிழைச்செய்தியில் இரண்டு நிபந்தனை இருந்தன: உரிமையாளர் யூஐடி (பயனர் எண்) 0, அதாவது ரூட், ஆக இருக்க வேண்டும், செட்யூஐடி பிட்டும் இருக்க வேண்டும். முதலாவது சரி. இரண்டாவது போயிருந்தது. ஆனால் அந்த இரவு முழுக்க யாரும் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையைத் தொடவே இல்லை. பிட்டை எடுத்தது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். எடுத்ததும் சரிதான்.

ஃபைல்சிஸ்டம் கோடு எழுத வருகிறவர்களும் அதைச் சோதிக்க வருகிறவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். உரிமையாளர் மாற்றம் என்பது ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்ணை எழுதுகிற வேலை இல்லை. கூடவே நாலைந்து விஷயங்கள் மாற வேண்டும், சரியான வரிசையில் மாற வேண்டும். மாற்றம் தோற்றால் ஒன்றுகூட மாறியிருக்கக் கூடாது. பிழைகள் எல்லாம் இந்த இடுக்குகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கீழே கட்டளைகளை நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

முதலில், ஏன் பிட் போக வேண்டும்

செட்யூஐடி பிட் உள்ள ஒரு ஃபைலை யார் ஓட்டினாலும், அது உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். இதைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் ரிச்சி. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் இதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. நம் ஊரில் பவர் பத்திரம் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர் ஒருவருக்குப் பவர் கொடுத்திருக்கிறார். நிலம் இன்னொருவருக்குக் கைமாறிவிட்டது. பழைய பவர் பத்திரத்தைக் காட்டி அந்தப் புது உரிமையாளர் பெயரில் கையெழுத்துப் போட முடியுமா? புதியவர் எந்தப் பவரும் கொடுக்கவில்லையே.

அதே மாதிரி, கமலா என்ற பயனர் தன் ஃபைலுக்கு 4755 என்று அனுமதி வைத்திருக்கிறார் (முன்னால் உள்ள 4தான் செட்யூஐடி பிட்). ரூட் அந்த ஃபைலைத் தன் பெயருக்கு மாற்றுகிறார். பிட் அப்படியே நின்றால், கமலா எழுதிய நிரலை ரூட்டின் அதிகாரத்தோடு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ரூட் அதற்குச் சம்மதம் சொல்லவே இல்லை. அதனால்தான் சிஎச்ஓன் நடக்கும்போது லினக்ஸ் செட்யூஐடி பிட்டையும், குழுவுக்கான செட்ஜிஐடி பிட்டையும் எடுத்துவிடுகிறது. சாதாரண பயனர் மாற்றினால் மட்டும்தானா, ரூட் மாற்றினாலுமா என்பதில் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் உறுதியாக எதுவும் சொல்லவில்லை, லினக்ஸில் 2.2.13 கர்னலிலிருந்து ரூட்டுக்கும் இதே விதிதான்.

பிட்களோடு முடியவில்லை. கேப்பபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது. நெட்வொர்க் இணைப்பைச் சோதிக்கும் பிங் மாதிரி நிரல்களுக்கு முழு ரூட் அதிகாரம் கொடுக்காமல் ஒரு துண்டு அதிகாரம் மட்டும் கொடுப்பது. இது ஐநோட்டின் (ஃபைலின் உரிமையாளர், அனுமதி முதலிய விவரங்களை வைத்திருக்கும் பதிவு) அனுமதி எண்ணுக்குள் இருக்காது. தனி நீட்டிப்புப் பண்பாகச் சேமிக்கப்படும். இதுவும் போக வேண்டும். ஒரு பயனருக்கு இவ்வளவு இடம்தான் என்று வட்டு ஒதுக்கீடு வைத்திருந்தால் பழையவர் கணக்கில் கழித்துப் புதியவர் கணக்கில் ஏற்ற வேண்டும். சிடைம் என்கிற மாற்ற நேரம் புதுப்பிக்கப்பட வேண்டும். பல பேக்கப் நிரல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன.

கையால் தொட்டுப் பாருங்கள்

ஒரு மெய்நிகர் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கான லேப்டாப் வேண்டாம். எக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் ஒரு காலி டைரக்டரி போதும். ரூட்டாக இருந்துகொண்டு ஐடி நிரலை அங்கே நகலெடுத்து, அதற்கு 4755 அனுமதி கொடுங்கள். ஸ்டாட் கட்டளையைப் போட்டால் 4755 என்று எண் தெரியும், எழுத்து வடிவில் உரிமையாளரின் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் இருக்கும். இப்போது சிஎச்ஓன் செய்து நோபடி பயனர் பெயருக்கு மாற்றுங்கள். மறுபடி ஸ்டாட். 0755. எஸ் போய் எக்ஸ் வந்திருக்கும்.

அடுத்து, பிங் நிரலின் நகலுக்கு செட்கேப் கட்டளையால் நெட் ரா கேப்பபிலிட்டியைக் கொடுங்கள். கெட்கேப் போட்டு இருப்பதைப் பாருங்கள். ஏற்கெனவே ரூட் பெயரில் இருக்கும் அந்த ஃபைலை மறுபடி ரூட் பெயருக்கே மாற்றுங்கள். உரிமையாளர் துளியும் மாறவில்லை. ஆனாலும் கெட்கேப் இப்போது எதுவும் காட்டாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்: "அதே பெயருக்குத்தானே மாற்றினேன், என்ன ஆகிவிடப் போகிறது?" கர்னல் இங்கே பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. சிஎச்ஓன் அழைப்பு வந்தாலே பிட்களையும் கேப்பபிலிட்டியையும் எடுக்கச் சொல்லிவிடும்.

இதிலிருந்து வருகிற நடைமுறை விதி ஒன்று. இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதினால் முதலில் சிஎச்ஓன், பிறகு சிஎச்மோட், கடைசியில் செட்கேப். வரிசை பிசகினால் ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் முடியும், நிரல் மட்டும் வேலை செய்யாது. ஆர்பிஎம் பயன்படுத்தும் கணினிகளில் பேக்கேஜின் உரிமையாளரையும் அனுமதியையும் மீட்கும்போதும் இதே கதைதான்: செட்யூஜிஐடிஸ் தேர்வு முதலில், செட்பெர்ம்ஸ் அதற்குப் பிறகு. அன்று காலை சூடோவை எழுப்பியதும் இப்படித்தான், ரூட் பெயர் வைத்த பின் 4755.

விதிவிலக்குகளையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் "எல்லாவற்றிலும் பிட்டை எடு" என்று எழுதினாலும் பிழைதான். ஒரு டைரக்டரிக்கு 2775 (முன்னால் உள்ள 2 செட்ஜிஐடி பிட்) கொடுத்து சிஎச்ஓன் செய்யுங்கள். 2775 அப்படியே நிற்கும். டைரக்டரியில் செட்ஜிஐடிக்கு அர்த்தம் வேறு: உள்ளே பிறக்கும் ஃபைல்கள் டைரக்டரியின் குழுவை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்து ஒரு சாதாரண ஃபைலுக்கு 2644 கொடுத்து ரூட்டாகவே சிஎச்ஓன் செய்யுங்கள். அதுவும் நிற்கும். குழுவுக்கு ஓட்டும் அனுமதி இல்லாத ஃபைலில் செட்ஜிஐடி இருந்தால் அது கட்டாயப் பூட்டுக்கான அடையாளமாக இருந்தது. அந்தப் பூட்டு வசதி 5.15 கர்னலில் நீக்கப்பட்டுவிட்டது.

கர்னலில் எந்த இடத்தைப் படிப்பது

கர்னல் மூலக்கோடில் எஃப்எஸ் டைரக்டரிக்குள் ஓப்பன்.சி, ஆட்டர்.சி என்ற இரண்டு ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்.சி-யில் சிஎச்ஓன்_காமன் என்ற செயல்கூறு. கேட்ட பயனர் எண், குழு எண் இரண்டையும் ஒரு கட்டமைப்பில் போட்டு, டைரக்டரி இல்லையென்றால் 'செட்யூஐடியைக் கொல், செட்ஜிஐடியைக் கொல், கேப்பபிலிட்டியைக் கொல்' என்று மூன்று கொடிகளைச் சேர்த்து, ஐநோட் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டர்.சி-யின் நோட்டிஃபை_சேஞ்ச் செயல்கூறிடம் கொடுக்கும். அது "கொல்" கொடிகளைப் புதிய அனுமதி எண்ணாக மாற்றி, அந்தந்த ஃபைல்சிஸ்டத்தின் செட்ஆட்டரிடம் அனுப்பும். ஃபைல்சிஸ்டம் வழக்கமாக செட்ஆட்டர்_பிரிப்பேர் அழைத்து அனுமதி சரிபார்க்கும், பிறகு செட்ஆட்டர்_காப்பி அழைத்து ஐநோட்டில் எழுதும்.

இந்த ஓட்டத்தை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு நிஜப் பிழைகளைப் பார்ப்போம். இரண்டுக்கும் சிவிஇ எண், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் அடையாள எண், 2015-ஆம் ஆண்டு வரிசையில் வருகிறது. ஒன்று இன்னொன்றின் தலைகீழ்.

சிவிஇ-2015-3339. செட்ஆட்டர்_காப்பி முதலில் உரிமையாளரை எழுதுகிறது, குழுவை எழுதுகிறது, நேரங்களை எழுதுகிறது, கடைசியில்தான் அனுமதி எண்ணை எழுதுகிறது. உரிமையாளர் ரூட் ஆகிவிட்டார், செட்யூஐடி பிட் இன்னும் போகவில்லை என்று ஒரு நொடியின் மிகச் சிறிய துளிக்கு ஒரு நிலை இருக்கிறது. சிஎச்ஓன் செய்கிறவர் பூட்டைப் பிடித்திருக்கிறார், சரி. ஆனால் நிரலை ஓட்டும் எக்ஸெக் பக்கம் அந்தப் பூட்டைப் பிடிக்காமலே உரிமையாளரையும் அனுமதியையும் படித்துக்கொண்டிருந்தது. அந்தத் துளியில் ஒருவர் ஃபைலை ஓட்டிவிட்டால், அது செட்யூஐடி ரூட்டாகவே ஓடும். கமலாவின் நிரல் ரூட் கையில். திருத்தம் சின்னது: செட்யூஐடி அல்லது செட்ஜிஐடி உள்ள ஃபைலை ஓட்டும்போது எக்ஸெக்கும் ஐநோட் பூட்டைப் பிடித்து, உரிமையாளர், குழு, அனுமதி மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் படிக்க வேண்டும். 3.19.6-இல் வந்தது. கவனியுங்கள், தனியாக எடுத்துப் படித்தால் சிஎச்ஓன் கோடிலும் தப்பில்லை, எக்ஸெக் கோடிலும் தப்பில்லை. எழுதுகிறவர் பூட்டுகிறார், படிக்கிறவர் பூட்டவில்லை. பிழை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

சிவிஇ-2015-1350. இங்கே ஒரு சாதாரண பயனர், தனக்குச் சொந்தமில்லாத பிங் நிரலின் மேல் சிஎச்ஓன் முயற்சி செய்கிறார். அனுமதி இல்லை என்று பிழை வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் பிங்கின் கேப்பபிலிட்டி அதற்குள் பறிபோயிருக்கிறது! காரணம் வரிசை. கேப்பபிலிட்டியைப் பறிக்கும் வேலையை நோட்டிஃபை_சேஞ்ச் முன்னாலேயே செய்துவிட்டது. அனுமதி சரிபார்ப்போ அதற்குப் பின்னால், ஃபைல்சிஸ்டத்தின் செட்ஆட்டருக்குள் நடந்தது. யார் வேண்டுமானாலும் தோற்றுப்போகும் ஒரே அழைப்பால் கணினியிலுள்ள எல்லாருக்கும் பிங்கை உடைக்கலாம். இதற்கான திருத்தம் 4.9 கர்னலில் சேர்ந்தது. பறிக்கும் வேலை சரிபார்ப்பு முடிந்த இடத்துக்கு நகர்ந்தது; அப்போதுதான் ஐநோட்_சேஞ்ச்_ஓகே என்றிருந்த செயல்கூறு செட்ஆட்டர்_பிரிப்பேர் என்ற பெயருக்கு மாறியது. இப்போது அது வெறும் "சரியா?" என்று கேட்கும் செயல்கூறு இல்லை, ஆயத்தமும் செய்கிறது. பெயர் மாற்றம் வேண்டியதுதான்.

ஒன்றில் பறிப்பு தாமதம், இன்னொன்றில் அவசரம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை தானாக வருகிறது: சரிபார், பறி, மாற்று. சரிபார்ப்பில் தோற்கக்கூடிய எல்லாமே அடங்க வேண்டும். அனுமதி மட்டுமல்ல, வட்டு ஒதுக்கீடு நிறைந்துவிட்டதா, ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு) இடம் இருக்கிறதா என்பதும்தான். பறிப்புக்கும் மாற்றத்துக்கும் நடுவே மின்சாரம் போனால்? அனுமதி எண்ணும் உரிமையாளரும் ஒரே ஐநோட்டில் இருப்பதால் வழக்கமாகச் சேர்ந்தே வட்டுக்குப் போகும். கேப்பபிலிட்டி வேறு பிளாக்கில் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஜர்னல் பரிவர்த்தனையில் போடுங்கள். அது முடியவே முடியாது என்றால் பறிப்பு முதலில் வட்டுக்குப் போகட்டும். அதிகாரம் குறைந்த ஃபைலை நிர்வாகி ஒரு கட்டளையில் சரிசெய்துவிடுவார். அதிகாரம் கூடிய ஃபைலை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

சொந்தமாக ஃபைல்சிஸ்டம் எழுதுகிறவர்களுக்கு

பெரும்பாலோர் ஃபியூஸ் (கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே ஃபைல்சிஸ்டம் எழுத உதவும் வசதி) வழியாகத்தான் தொடங்குவார்கள், நானும் அதையே சொல்வேன். அடியில் இருக்கும் வேறொரு ஃபைல்சிஸ்டத்துக்கு அழைப்பை அப்படியே கடத்துகிற வகை என்றால் கவலை குறைவு. அடியில் இருப்பது பிட்களை எடுத்துவிடும். உரிமையாளரையும் அனுமதியையும் நீங்களே ஒரு தரவுத்தளத்தில் வைத்திருந்தால் பொறுப்பு உங்களுடையது. கர்னலின் ஃபியூஸ் கோடிலேயே இதைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது: செட்யூஐடியை நம்பகமாகக் கொல்ல ஒரே வழி, எழுதும்போதும் ட்ரன்கேட் செய்யும்போதும் சிஎச்ஓன் செய்யும்போதும் பயனர்வெளி ஃபைல்சிஸ்டமே அதைச் செய்வதுதான் என்று. நெட்வொர்க் ஃபைல்சிஸ்டங்களிலும் நியாயம் இதுவே. கர்னல் கையில் இருக்கும் அனுமதி எண் பழையதாக இருக்கலாம். உண்மையான எண் உங்களிடம்தான்.

உங்கள் சிஎச்ஓன் செயல்கூறை எழுதி முடித்ததும் முதலில் தேட வேண்டிய பிழை மைனஸ் 1. பயனர் எண்ணாக மைனஸ் 1 வந்தால் "இதை மாற்றாதே" என்று பொருள். சிஎச்ஜிஆர்பி கட்டளை அப்படித்தான் அழைக்கும்: பயனர் மைனஸ் 1, குழு மட்டும் நிஜ எண். பயனர் எண் குறியில்லாத 32 பிட் எண் என்பதால், வந்ததை அப்படியே சேமித்தால் உரிமையாளர் 4294967295 ஆகிவிடுவார். எல்எஸ் பட்டியலில் இந்தப் பத்து இலக்க எண்ணைப் பார்த்தால் பிழை எங்கே என்று தேடவே வேண்டாம்.

அடுத்து, யார் மாற்றலாம். லினக்ஸில் உரிமையாளரை மாற்ற சிஎச்ஓன் கேப்பபிலிட்டி வேண்டும். சொந்தக்காரரே ஆனாலும் தன் ஃபைலை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. பழைய சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் அது முடிந்தது. பிஎஸ்டி அதைத் தடுத்தது. வட்டு ஒதுக்கீடு இருக்கும் இடத்தில், தன் பெரிய ஃபைல்களை எல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் கணக்கில் ஏற்றிவிட்டால் ஒதுக்கீட்டுக்கே அர்த்தமில்லை அல்லவா? குழுவை மட்டும் சொந்தக்காரர் மாற்றலாம், அதுவும் தான் உறுப்பினராக உள்ள குழுவுக்கு.

இந்தச் சரிபார்ப்புகளைச் சொந்தமாக எழுத ஆசை வரும். கர்னலுக்குள் எழுதுகிறீர்கள் என்றால் வேண்டாம், பொதுச் செயல்கூறுகளையே அழையுங்கள். சிவிஇ-2018-13405 இதற்குச் சாட்சி. செட்ஜிஐடி உள்ள டைரக்டரியில், அந்தக் குழுவில் இல்லாத ஒருவர், அந்தக் குழுவின் பெயரிலேயே செட்ஜிஐடியுடன் ஓட்டக்கூடிய ஃபைலைப் படைக்க முடிந்தது. ஐநோட்_இனிட்_ஓனர் என்ற பொதுச் செயல்கூறில் அதைத் திருத்தினார்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் அந்த வேலையைத் தன் சொந்த வழியில் செய்துகொண்டிருந்ததால் அதே ஓட்டை அங்கே மட்டும் திறந்தே இருந்தது. பின்னால் அதற்கென்று தனியாக சிவிஇ-2021-4037 என்ற எண் கொடுக்க வேண்டி வந்தது.

பாதையை நம்பி சிஎச்ஓன் செய்யாதீர்கள்

இது கர்னலுக்கு வெளியே, பின்னணியில் ஓடும் டீமன்களும் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்களும் எழுதுகிறவர்களுக்கு. ரூட்டாக ஓடும் நிரல் ஒன்று, சாதாரண பயனர் எழுதக்கூடிய டைரக்டரிக்குள் போய் "இந்த ஃபைல் பத்திரமானதா" என்று பார்க்கிறது, பிறகு பாதையைக் கொடுத்து சிஎச்ஓன் செய்கிறது. பார்த்ததற்கும் செய்ததற்கும் நடுவில் பயனர் அந்த ஃபைலை எடுத்துவிட்டு அதே பெயரில் ஷேடோ ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு) வைத்துவிட்டால், கடவுச்சொற்கள் உள்ள ஃபைல் அவர் பெயருக்குப் போய்விடும்.

அதனால் பாதையை ஒரே ஒரு தடவை பயன்படுத்துங்கள்: சிம்லிங்கைப் பின்தொடராத கொடியோடு ஃபைலைத் திறங்கள். கையில் கிடைத்த விவரிப்பான் (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்) மேல் எஃப்ஸ்டாட் செய்து, சாதாரண ஃபைல்தானா, இணைப்பு எண்ணிக்கை 1 தானா என்று பாருங்கள். அதே விவரிப்பான் மேல் எஃப்சிஎச்ஓன் செய்யுங்கள். இணைப்பு எண்ணிக்கையை ஏன் பார்ப்பது? ஹார்ட்லிங்க்குக்கு சிம்லிங்க் தடுப்பு பயன்படாது. அது நிஜ ஃபைலேதான், அதற்கு இன்னொரு பெயர் அவ்வளவுதான். 3.6 கர்னலிலிருந்து புரொடெக்டட்_ஹார்ட்லிங்க்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அது 1 ஆக இருந்தால், தனக்குச் சொந்தமில்லாத, எழுதவும் முடியாத ஃபைல்களுக்கு ஒருவர் ஹார்ட்லிங்க் போட முடியாது. உங்கள் கணினியில் அது 1 தானா என்று பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி நிரல் எழுதாதீர்கள். சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் நிரலே 237-ஆம் பதிப்புக்கு முன்பு இந்த இடத்தில் அடிபட்டு சிவிஇ-2017-18078 வாங்கியிருக்கிறது.

சோதனை எழுதும் முறை

ஒவ்வொரு சோதனையிலும் முன்னும் பின்னும் ஐந்தைக் குறித்து வையுங்கள்: உரிமையாளர், குழு, நான்கு இலக்க அனுமதி, கேப்பபிலிட்டி, சிடைம். வெற்றி பெறும் அழைப்புகளுக்கு எல்லாரும் சோதனை எழுதுகிறார்கள். தோற்கும் அழைப்புகளுக்கு எழுதுங்கள். ரூட்டின் ஃபைல் மேல் சாதாரண பயனராக சிஎச்ஓன் செய்து, பிழை வந்ததோடு நிறுத்தாமல், ஐந்தும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். சிவிஇ-2015-1350-ஐப் பிடிக்க இந்த ஒப்பீடு போதும். ஒதுக்கீடு நிறைந்த பயனர் பெயருக்கு மாற்றிப் பார்ப்பது இதைவிடக் கடினமான சோதனை. அங்கே அனுமதி சரிபார்ப்பு தாண்டி, அதற்குப் பின்னால் தோல்வி வரலாம்.

முழுதாக நீங்களே எழுத வேண்டியதில்லை. பிஜேடிஎஃப்எஸ்டெஸ்ட் என்ற தொகுப்பில் சிஎச்ஓனுக்கென்றே ஒரு டைரக்டரி இருக்கிறது. உங்கள் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்து, அதற்குள் நின்றுகொண்டு, ரூட்டாக ஓட்டுங்கள். கர்னல் ஃபைல்சிஸ்டம் என்றால் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஜெனரிக் 193-இலிருந்து ஆரம்பியுங்கள். சிஎச்ஓன், சிஎச்மோட் அனுமதிச் சரிபார்ப்புகளை அது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். ஒன்று தோற்றால் உடனே கோடைத் திருத்த உட்காராதீர்கள். அதே சோதனையை முதலில் எக்ஸ்டி4 மேல் ஓட்டிப் பாருங்கள். அங்கும் தோற்றால் கர்னல் பதிப்பையும் மவுண்ட் தேர்வுகளையும் பாருங்கள். அங்கே தேறி உங்களுடையதில் மட்டும் தோற்றால், செட்ஆட்டர் செயல்கூறைத் திறந்து வைத்து, சரிபார்ப்பு எந்த வரியில், பறிப்பு எந்த வரியில், மாற்றம் எந்த வரியில் என்று பென்சிலால் எண் போடுங்கள்.